தாமிரப் பட்டணம் முதல் எராங்கல் வரை

ஹிஜ்ரி 1442, ரபீவுல் அவ்வல் பிறை 12. ஆங்கிலக் கணக்கில் 2020 அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை. திருவண்ணாமலையில் ஜும்ஆ முடிந்து வீடு திரும்பிக் கொண்டிருந்த என்னை ஒரு மாணவனின் தந்தை வழியில் நிறுத்தினார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டுமே தெரிந்தன. "ஹஜ்ரத், பையன் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. மீலாது நாளும் அதுவுமாகப் படுத்துக்கொண்டு அழுகிறான். என்னடா என்று கேட்டால் ஊர் போய்விட்டது என்கிறான். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

ஊர் என்று அவன் சொன்னது எராங்கல். வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. பப்ஜி மொபைல் என்னும் விளையாட்டுக்காக வரையப்பட்ட கற்பனைத் தீவு அது. செப்டம்பர் 2ஆம் நாள் இந்திய அரசு தடைசெய்த 118 செயலிகளில் அந்த விளையாட்டும் ஒன்று. ஏற்கெனவே கைபேசியில் வைத்திருந்தவர்களுக்கு அது மேலும் சில வாரங்கள் ஓடிக்கொண்டிருந்தது. அக்டோபர் 30ஆம் நாளோடு அந்த நிறுவனம் இந்தியாவுக்கான சேவையை முற்றிலும் நிறுத்திக்கொண்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, கண் விழித்தபோது ஓர் ஊர் இல்லாமல் போயிருந்தது.

நான் சென்றேன். சென்று, ஓர் ஆசிரியர் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "இல்லாத ஊருக்காக அழுகிறாயே, ஸபக்கை மறந்ததற்காக ஒரு நாளாவது அழுதிருக்கிறாயா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டான். தந்தை மட்டும் நான் ஏதோ சாதித்துவிட்டதைப் போலத் தலையசைத்தார்.

இல்லாத ஊருக்காக மனிதன் அழுவது புதிதா? இந்தக் கேள்வி அன்று இரவு என்னை உறங்கவிடவில்லை. நம் சமுதாயத்தின் நூல்களைப் புரட்டினால் புதிதல்ல என்றே தெரிகிறது.

அரபு உலகில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. அந்தலூஸை வென்ற தளபதி மூஸா இப்னு நுஸைரின் பெயரோடு இணைத்து அது சொல்லப்படும். ஸிஜில்மாஸாப் பாலைவனத்தில் முழுவதும் செம்பினால் ஆன ஒரு நகரம். அதன் வாயில்கள் அடைத்துக் கிடக்கின்றன. மதில்மேல் ஏறியவன் உள்ளே எட்டிப் பார்க்கிறான். பார்த்ததும் கைதட்டி, உள்ளே குதித்துவிடுகிறான். பிறகு அவன் திரும்பி வருவதே இல்லை. மஸ்ஊதி போன்ற வரலாற்றாசிரியர்கள் இச்செய்தியைப் பதிவு செய்தார்கள். 1377ஆம் ஆண்டில் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், இது கதைசொல்லிகளின் கட்டு என்று ஒதுக்கினார். உலோகம் பாத்திரங்களுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் ஆவது. ஒரு நகரத்தையே அதனால் கட்டியெழுப்புவது நடவாத காரியம் என்பது அவருடைய வாதம். வரலாற்றாசிரியராக அவர் சொன்னது சரிதான். ஆனால் கதை அவருக்குக் கட்டுப்படவில்லை. அது ஆயிரத்தொரு இரவுகளுக்குள் புகுந்தது. கடல் கடந்து நம் கரைக்கும் வந்தது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் பெயரோடு அறியப்படும் அரபுத்தமிழ்க் கதைநூலின் பெயர் 'மதீனத்துந் நுஹாஸ்'. தாமிரப் பட்டணம் என்று பொருள். அவர்கள் வாழ்ந்தது 1816 முதல் 1898 வரை. மார்க்கச் சட்டங்களையும் மெய்ஞ்ஞானத்தையும் எழுதிய ஆலிம் ஒருவரின் பெயரோடு ஒரு கற்பனை நகரமும் சேர்ந்து நிற்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆயிரத்தொரு இரவுகளில் இக்கதைக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. ஏணி வைத்து ஒருவர் பின் ஒருவராக ஏறுகிறார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குதித்து மடிகிறார்கள். இனி யாரும் ஏற வேண்டாம், திரும்பிவிடலாம் என்று படை முடிவெடுக்கும் வேளையில், அப்துஸ் ஸமத் என்னும் வயது முதிர்ந்த வழிகாட்டி முன்வருகிறார். அவரும் அதே ஏணியில் ஏறுகிறார். மற்றவர்கள் கண்ட அதே காட்சியை அவரும் காண்கிறார்: கீழே தண்ணீர், அழைக்கும் அழகிய உருவங்கள். அவர் மதில்மேல் அமர்ந்து அல்லாஹ்வின் பெயரை உச்சரித்து, குர்ஆன் வசனங்களை ஓதுகிறார். மாயை விலகுகிறது. பிறகு மதில் வழியே நடந்து, கோபுரத்துக்குள் இறங்கி, வாயிலைத் திறக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார். கீழே நின்று 'ஏறாதே' என்று கூவிக்கொண்டிருந்தவர்கள் யாரும் அந்த வாயிலைத் திறக்கவில்லை.

நான் கீழே நின்று கூவியவன். எராங்கலை ஒரு முறைகூடப் பார்த்திராதவன்.

நம் முன்னோர் கட்டிய கற்பனை ஊர்களில் ஆகப் பெரியது மக்காதான் என்று சொன்னால் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அதன் விலாதத்துக் காண்டத்தில் நாட்டுப்படலமும் நகரப்படலமும் உண்டு. அங்கே அரபு நாட்டில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் உழவர் நாற்று நடுகிறார்கள், சோலைகள் பூக்கின்றன. 'விவசாயமற்ற பள்ளத்தாக்கு' என்று இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆவில் வரும் நிலத்தைத் தமிழ்ப் புலவர் மருத நிலமாக்கிவிட்டார். காப்பிய மரபு அவருக்கு அதைக் கொடுத்தது. ஆனால் கேட்டவர்களுக்கு அது மரபு அல்ல, ஊர். ஹஜ்ஜுக்குச் செல்லப் பாய்மரக் கப்பலும் பல மாதப் பயணமும் வேண்டியிருந்த காலத்தில், நெஞ்சில் வரைந்த அந்த மக்காவை நினைத்துக் கண்ணீர் விட்டு, நேரில் காணாமலே மறைந்தவர்கள் பல தலைமுறை.

2021 டிசம்பரில், சவூதி அரேபியாவில் ஷைக் அப்துர் ரஹ்மான் ஸுதைஸ் அவர்கள் ஒரு மெய்நிகர்க் கண்ணாடியை அணிந்து ஹஜருல் அஸ்வத் கல்லைத் திரையில் கண்டார். அந்தத் திட்டம் அப்போது தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் துருக்கியின் மார்க்க விவகாரத் துறை, மெய்நிகர் உலகில் கஃபாவைச் சுற்றுவது ஹஜ் ஆகாது என்று அறிவித்தது. ஆகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. தவாஃபுக்குக் கால் வேண்டும், இடம் வேண்டும். ஆனால் அந்தக் கண்ணாடி வழியே பார்த்து ஒரு மூதாட்டி அழுதால், அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு நா எழாது. சீறாவைக் கேட்டு அழுத அவருடைய பாட்டிக்கும் அதே கண்ணீர்தானே.

அப்படியானால் வேறுபாடு எங்கே? சீறா மேடையில், பலர் நடுவே, பொருள் விரித்துச் சொல்ல ஒருவர் இருக்கப் பாடப்பட்டது. கேட்டவர் அழுதால் பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். என் மாணவன் அழுததை அவன் தலையணை மட்டும் பார்த்தது.

கற்றலின் வரலாற்றிலும் இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதானபோது, அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களின் பொறுப்பில் குர்ஆன் ஒன்றுதிரட்டப்பட்டது. பிறகு உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் பிரதிகள் எடுத்து நகரங்களுக்கு அனுப்பினார்கள். இது நம் பிள்ளைகள் எல்லோரும் படிக்கும் பாடம். அதிகம் பேசப்படாத ஒரு செய்தியையும் குர்ஆன் வரலாற்றை எழுதிய அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிரதி தனியாகப் போகவில்லை. ஒவ்வொன்றுடனும் ஓதிக் கொடுக்க ஒரு மனிதரும் சென்றார். மக்காவுக்கு அப்துல்லாஹ் இப்னு ஸாயிப், கூஃபாவுக்கு அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ, பஸராவுக்கு ஆமிர் இப்னு அப்தில் கைஸ். அன்றைய முஸ்ஹஃபில் எழுத்துகளுக்குப் புள்ளி இல்லை, உயிர்க்குறி இல்லை. ஆகவே ஆள் தேவைப்பட்டார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் பின்னால் புள்ளியும் குறியும் வந்துவிட்டன. ஆள் அனுப்பும் வழக்கம் நிற்கவில்லை. ஸனது, இஜாஸா என்ற பெயர்களில் இன்றுவரை தொடர்கிறது.

ஏட்டிலிருந்து மட்டும் கற்றவனை அக்கால அறிஞர் 'ஸுஹுஃபீ' என்றார்கள். அது பாராட்டு அல்ல. ஏட்டைத் தவறாக வாசிப்பதற்கு 'தஸ்ஹீஃப்' என்று பெயர். அப்படிப்பட்ட பிழைகளைத் திரட்டுவதற்கென்றே, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ அஹ்மத் அல்அஸ்கரீ போன்றவர்கள் தனி நூல் எழுதினார்கள். காகிதம் மலிந்து, பாக்தாதில் புத்தகக் கடைகள் பெருகிய காலம் அது. புதிய கருவி கைக்கு வந்ததும் ஆசிரியர் இன்றியே எல்லாம் கற்றுவிடலாம் என்ற நினைப்பும் அதோடு கூட வந்திருக்கிறது. அக்கால ஆலிம்கள் காகிதத்தைத் தடை செய்யவில்லை. காகிதத்தில் கற்றவனையும் ஓர் ஆசிரியர் முன்னால் உட்காரச் சொன்னார்கள், அவ்வளவே.

ஒலிப்பதிவின் கதையும் இதுதான். 1959இல் எகிப்து அறிஞர் லபீப் அஸ்ஸயீத், குர்ஆன் முழுவதையும் தேர்ந்த காரீயின் குரலில் பதிவு செய்ய வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் ஓத, 1961இல் அது வெளிவந்தது. எழுத்தால் காக்க முடியாத ஓசையை ஒலியால் காப்பதே நோக்கம். தொண்ணூறுகளில் நான் ஓதிக்கொண்டிருந்தபோது ஹுஸரீ அவர்களின் ஒலிநாடா ஒன்று எனக்குக் கிடைத்தது. பலர் கை மாறித் தேய்ந்த நாடா. இரவு முழுவதும் கேட்டு, அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, அவர் நீட்டும் அளவுக்கு நீட்டிப் பழகினேன். ஒரு வாரம் கழித்து உஸ்தாத் முன்னால் பெருமையோடு ஓதினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மத்து இவ்வளவு நீளமா? உன் டேப் இழுக்கிறதப்பா" என்றார். நாடா தளர்ந்து மெதுவாக ஓடியிருக்கிறது. தளர்ந்த நாடாவின் இழுவையைத் தஜ்வீத் என்று நான் நம்பியிருக்கிறேன். அவர் அந்த ஒலிநாடாவை வாங்கித் தூக்கி எறியவில்லை. வேறொரு நல்ல நாடா வாங்கிக் கொடுத்தார். கேட்டதை வாரம் ஒரு முறை தம்மிடம் ஓதிக்காட்டச் சொன்னார்.

இதெல்லாம் 2020 மார்ச்சுக்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் ஊரடங்கு வந்தபோது, அந்த உஸ்தாதைப் போல நான் நடந்துகொள்ளவில்லை.

மார்ச் 25இல் நாடு அடைந்தது. ரமலான் ஏப்ரல் இறுதியில் வந்தது. தராவீஹ் வீட்டிலேயே தொழுதோம். எங்கள் ஊரில் கார்த்திகைத் தீபத்துக்கு வரும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். அந்த ஆண்டு நவம்பர் 29இல் 2668 அடி உயர மலைமேல் தீபம் ஏறியபோது வெளியூர் மக்களுக்கு அனுமதி இல்லை, கிரிவலம் இல்லை. லட்சக்கணக்கானோர் அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். கோவிலூரே திரைக்குள் சென்ற ஆண்டில் மத்ரஸா மட்டும் எப்படித் தப்பும்?

கைபேசியில் ஓதிக் கொடுக்கத் தொடங்கினேன். முதல் நாளே, எல்லோரும் சேர்ந்து ஓதுவது இனி நடக்காது என்று புரிந்தது. ஒவ்வொரு வீட்டுக் குரலும் ஒவ்வொரு நொடி பிந்தி வந்து மோதியது. ழாதையும் ழாவையும் பிரித்துக் காட்ட நாக்கு எங்கே படுகிறது என்று பிள்ளை பார்க்க வேண்டும். திரையில் என் தாடிதான் தெரிந்தது. சில வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி. அதுவும் அத்தா வேலையிலிருந்து வந்த பிறகுதான். எனினும் நான் எதிர்பாராத நன்மைகளும் இருந்தன. வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி, நள்ளிரவில் குரல்பதிவாகத் தன் ஸபக்கை அனுப்பினாள். பிழையின்றி, நிதானமாக. அறைக்குள் இருபது பேர் பார்க்க ஓதுவதுதான் அவளுக்கு அச்சம், ஓதுவது அல்ல. பிள்ளைகளுக்குப் பின்னால் கதவோரம் நின்று கேட்டே அல்ஃபாத்திஹாவின் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட தாய்மார்களும் உண்டு.

பள்ளிக்கூடத்தின் நிலையும் வேறல்ல. தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்தது. ஊரடங்கில் அதுவே பல பிள்ளைகளுக்கு வகுப்பறை ஆயிற்று. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்னர், அக்டோபர் 27இல், மரக்காணத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாலை வேளையில் தன்னார்வலர் ஒருவர் தெருவில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு. ஒன்றரை ஆண்டுத் திரைப்பாடத்தால் ஏற்பட்ட இடைவெளியை நிரப்ப அரசு அனுப்பியது ஆட்களை. முஸ்ஹஃபோடு ஆள் அனுப்பிய செய்தி எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது, "இது நோயா ஹஜ்ரத்?" என்று. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக்கு அடிமையாகும் நிலையைத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்திருப்பது உண்மை. 2022 ஜனவரியில் அப்பட்டியல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு இலக்கணம் கடுமையானது. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முதன்மையாகி, கேடு விளைந்த பிறகும் விடமுடியாமல், பொதுவாக ஒரு வருடமாவது அப்படியே நீடிக்க வேண்டும். ஒரு நாள் அழுதவன் நோயாளி அல்லன். அந்த நிலையை எட்டிய பிள்ளைக்கு மருத்துவர் தேவை. தகடும் தாயத்தும் அல்ல, அடியும் அல்ல. காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் வேறு வகை. அவை சூதாட்டம், அது ஹராம் என்பதில் பேச்சே இல்லை. அதற்கு மாநிலத்திலும் மத்தியிலும் இப்போது சட்டங்கள் இருக்கின்றன. என் மாணவன் ஒரு ரூபாயும் இழக்கவில்லை.

அவன் இழந்தது எதுவென்று நவம்பரில்தான் அறிந்தேன். கைபேசி வகுப்பு முடிந்து எல்லோரும் சென்ற பிறகு அவன் மட்டும் இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தான். அன்று பேசியதற்காக என்னை மன்னித்துவிடு என்றேன். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, அந்தத் தீவைப் பற்றிச் சொல் என்று கேட்டேன். சொன்னான். நூறு பேர் விமானத்திலிருந்து குதிப்பார்களாம். போச்சின்கி என்று ஓர் ஊராம். அங்கே இறங்கினால் உயிர் பிழைப்பது கடினமாம். நால்வர் கொண்ட அணி அவர்களுடையது. ஒருவன் ஆரணியில் இருக்கும் அவன் மாமன் மகன். ஒருவன் பள்ளித் தோழன். நான்காமவன் மதுரைப் பக்கத்துப் பையன், விளையாட்டில் அறிமுகமானவன். ஏப்ரலில் இவனுடைய நன்னி மவுத்தானபோது, அடக்கத்துக்குக்கூடப் போகமுடியாத அந்த இரவில், விளையாடாமல் இரண்டு மணி நேரம் இவனோடு பேசிக்கொண்டிருந்தவன் அவன்தானாம். நான் உட்பட நாங்கள் யாரும் அன்று அந்தப் பிள்ளையிடம் பேசியிருக்கவில்லை. பெரியவர்களிடம் மட்டும் துக்கம் விசாரித்தோம்.

"எண் வாங்கி வைத்திருக்கலாமே" என்றேன்.

"தினமும் அங்கேதானே இருப்பான் என்று வாங்கவில்லை ஹஜ்ரத். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. விளையாட்டில் வைத்திருந்த பட்டப்பெயர்தான் தெரியும்."

2021 ஜூலையில் அதே விளையாட்டு வேறு பெயரில் இந்தியாவுக்குத் திரும்பியது. அவன் அதில் நுழைந்து அந்தப் பட்டப்பெயரைத் தேடினான் என்று பின்னர் சொன்னான். அதைப் போன்ற பெயர்கள் பல இருந்தன. எவனும் அவன் இல்லை. அதற்குள் ஓர் அலை அடித்து ஓய்ந்திருந்தது. அந்த மே மாதத்தில், மரணச் செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தபோது, ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் பிள்ளைகள் சொல்லும் பெயர்களைச் சேர்த்து துஆ செய்துவந்தோம். அத்தாவின் பெயர், மாமியின் பெயர், எதிர்வீட்டுக்காரர் பெயர் என்று வரும். ஒரு நாள் அவன் முறை வந்தபோது கேட்டான்: "ஹஜ்ரத், பெயர் தெரியாதவனுக்குச் செய்யலாமா? மதுரையில் இருக்கிறான் என்று மட்டும் தெரியும்."

செய்யலாம் என்றேன். கையை ஏந்தினோம். மதுரையில் இருக்கும் இவனுடைய கூட்டாளி என்று சொல்லித்தான் கேட்டேன். பதினான்கு வீடுகளிலிருந்து, ஒவ்வொன்றும் ஒரு நொடி பிந்தி, ஆமீன் வந்தது.